முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வருட விஞ்ஞானம்: எப்படித் திட்டமிடலாம்?

வடமராட்சி ரீச்சர் கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில வடமராட்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறன். மூண்டு வயசிலயிருந்து அஞ்சு வயசு வரைக்கும் இருபது பிள்ளையளளவில. ஒரே மண்டபம், ரெண்டு ரீச்சர்மார். தையில புது வருசம் தொடங்க முதல் விஞ்ஞானத்துக்கு ஒரு வருசத் திட்டம் எழுதித் தரச்சொல்லி நிர்வாகத்தில கேட்டிருக்கினம்.

இணையத்தில தேடினா வாறதெல்லாம் குளிர்நாட்டுத் திட்டங்கள். ஜனவரியில பனிமனிதன், செப்டெம்பரில இலை நிறம் மாறுறது. எங்கட பிள்ளையளுக்கு ஜனவரி எண்டா பட்டம், செப்டெம்பர் எண்டா பனம்பழம். அதோட எல்லாத்துக்கும் கலர் அச்சுத்தாள் வேணும், அச்செடுக்கக் காசில்லை. பதினொண்டரைக்குத் தாய்மார் கூட்டிக்கொண்டு போயிடுவினம். விளையாட்டுப் போட்டி, சிறுவர் சந்தை, வாணி விழா, கலைவிழா எண்டு கன நாள் கழிஞ்சிடும். மிச்ச நாளில "இண்டைக்குக் கொப்பியில என்ன எழுதினது?" எண்டுதான் வீட்டில கேக்கினம்.

ஆரும் உண்மையாச் செய்து பாத்தது இருந்தாச் சொல்லுங்கோ. மாசத்துக்கு எத்தினை தலைப்பு வைக்கலாம்? எதில தொடங்குறது?

கோண்டாவில் அம்மா:

என்ர மகன் போன வருசம் முன்பள்ளி முடிச்சவர். அவருக்கு இண்டைக்கும் ஞாபகமிருக்கிறது ரெண்டே ரெண்டு விசயம். காந்தத்தைக் கொண்டுபோய் வகுப்பு முழுக்க ஒவ்வொண்டிலயும் ஒட்டுதோ எண்டு பாத்தது ஒண்டு. தண்ணித் தொட்டிக்குள்ள சிரட்டை, புளியங்கொட்டை, கரண்டி எல்லாம் போட்டு எது மிதக்கும், எது தாழும் எண்டு பாத்தது மற்றது. ரெண்டுக்கும் பெரிய செலவில்லை. கொப்பியில கீறினது ஒண்டும் அவருக்கு ஞாபகமில்லை. தாய் எண்ட முறையில சொல்லுறன், எழுத்துக்காக அவசரப்படாதேங்கோ.

நீர்வேலி ரீச்சர்:

தங்கச்சி, நானும் முன்பள்ளியில கனகாலம் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஆள். தலைப்பு எத்தினை எண்டதை இப்போதைக்கு விடுங்கோ. பன்னிரண்டு பெட்டி கீறி, தையில "நீர்", மாசியில "தாவரம்" எண்டு நிரப்பினா நிர்வாகத்துக்கு வடிவாத்தான் இருக்கும். ஆனா மாசி முடிய முன்னம் பிள்ளை நீரை மறந்திடும். ஒரு பொருள் மாறுது எண்டது நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியவேணுமெண்டா, அதே பொருளைத் திரும்பத் திரும்பப் பாக்கவேணும். அதால வருசம் முழுக்க விடாமப் பாக்கிற மூண்டு பொருளை முதல்ல எழுதுங்கோ: முத்தத்தில ஒரு தடி, வளவில ஒரு வேம்பு, கிணறு. மிச்சமெல்லாம் அந்தந்தக் காலத்தில தானா வந்து சேரும்.

தடியை நேராக் குத்தி, மாசத்தில ஒருநாள் பதினொரு மணிக்கு நிழல் விழுற இடத்தில ஒரு கல்லு வையுங்கோ. எப்பவும் அதே நேரம். தையில நிழல் வடக்குப் பக்கமா நீண்டு கிடக்கும். பங்குனிக்குள்ள கட்டையாயிடும். ஆனியில பாத்தா தெற்குப் பக்கம் சரிஞ்சிருக்கும். தடியின்ர நுனியில ஒரு துணி நாடாவையும் கட்டிவிடுங்கோ. பட்டம் ஏத்துற தை மாசம் வாடைக்காத்து வடகிழக்கில இருந்து வரும். தென்மேற்கில இருந்து வாற சோளகம் தொடங்க நாடா மற்றப்பக்கம் பறக்கும். நிழலும் திரும்பி, காத்தும் திரும்பினதைப் பிள்ளையள் கண்ணால காணுங்கள். பூமி சாய்ஞ்சு சுத்துது எண்ட விளக்கம் இப்ப தேவையில்லை. கண்டது மனசில கிடந்தாப் போதும், விளக்கம் பெரிய வகுப்பில வரும்.

வேம்பு பள்ளிக்கூட வளவில இல்லாட்டிப் பக்கத்து வளவில நிக்கும். மாசி, பங்குனியில இலை கொட்டி, செம்பு நிறத்தில தளிர் வரும். அதுக்குப் பிறகு பூ. பழஞ்சீலை ஒண்டை மரத்துக்குக் கீழ விரிச்சுவிட்டா அடுத்தநாள் பூ நிறைஞ்சிருக்கும். மணந்து பாக்கட்டும், ஆற்றையும் வீட்டில வேப்பம்பூ வடகம் போட்டா ஒண்டு பொரிச்சு ருசிபாக்கக் குடுங்கோ. ஆனி, ஆடியில பழம் பழுக்க காகமும் குயிலும் வரும். விழுந்த கொட்டையை உடனே விதைக்கவேணும், கனநாள் வைச்சா முளைக்காது.

கிணறு எங்கட ஊருக்கே உரிய பாடம். வருசம் முழுக்க ஓடுற ஆறு எங்களிட்ட இல்லை, குடிக்கிறது நிலத்துக்குக் கீழ கிடக்கிற தண்ணி. பிள்ளையள் கட்டுக்குக் கிட்டவும் வரக்கூடாது. நீங்கள் கயித்தில கல்லுக் கட்டி இறக்கி, தண்ணி தொடுற இடத்தில ஒரு முடிச்சுப் போடுங்கோ. பிறகு கயித்தை முத்தத்தில நீட்டி வைச்சு, பக்கத்தில பிள்ளையளை வரிசையாப் படுக்க விடுங்கோ. மாசியில மூண்டு பிள்ளை நீளத்துக்கு இருந்த கயிறு ஆவணி, புரட்டாதியில எத்தினை பிள்ளைக்குப் போகுது எண்டு பாருங்கோ. மாரி மழை விழ திரும்பக் கட்டையாகும். தண்ணியை ஏன் வீணாக்கக்கூடாது எண்டு அதுக்குப் பிறகு ஆரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடிச்ச பாடம் ஒண்டு இருக்கு, அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். உங்கட வீட்டுக் கேத்திலுக்குள்ள அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்கும் பாருங்கோ, அதைக் கரண்டியால சுரண்டி ஒரு தட்டில எடுங்கோ. கிணறு வெட்டேக்க வந்த சுண்ணக்கல்லில ஒரு துண்டைத் தட்டித் தூளாக்கி இன்னொரு தட்டில வையுங்கோ. மூண்டாவது தட்டில சாதாரண மணல். பிள்ளையள் விரலால தொட்டுப் பாக்கட்டும். "இதுக்கு மேல வினாகிரி விட்டா என்ன நடக்கும்?" எண்டு கேளுங்கோ. எல்லாரும் சொல்லி முடியுமட்டும் போத்தலைத் திறக்காதேங்கோ. பிறகு ஒவ்வொரு சொட்டா விடுங்கோ. கல்லுத் தூள் சீறிக்கொண்டு நுரைக்கும். கேத்திலில சுரண்டினதும் நுரைக்கும். மணல் சும்மா ஈரமாக் கிடக்கும். காதைக் கிட்ட வைச்சா சத்தமும் கேக்கும். ஒருக்கா ஒரு சின்னவள் தட்டுக்குக் கிட்டக் குனிஞ்சு பாத்திட்டு, "ரீச்சர், கல்லுக்குள்ள சோடா இருக்கு" எண்டாள். அவள் சொன்னது சரி. சோடாவில வாற அதே காபனீரொட்சைட்டு வாயுதான் அது. எங்கட நிலம் சுண்ணக்கல்லு. மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கேக்க கல்லைக் கொஞ்சங் கொஞ்சமாக் கரைச்சுக்கொண்டு கிணத்துக்கு வருது. கொதிக்க வைக்க அது திரும்பக் கல்லாப் படியுது. பெரிய ஆக்களுக்கே புதினமான விசயம், பிள்ளையளுக்கு முன்னால ரெண்டு தட்டில கிடக்கும். வினாகிரி இல்லாட்டித் தேசிக்காய்ப் புளி விடலாம். கண்ணில படாமப் பாத்துக்கொள்ளுங்கோ.

காலத்தோட வாறதுகளைச் சுருக்கமாச் சொல்லுறன். தையில பொங்கல், பானை மூடியில ஆவி தண்ணியாச் சொட்டுறதைக் காட்டலாம். வைகாசி வெய்யிலில ஒரு லீற்றர் கடல்தண்ணியை அகலத் தாம்பாளத்தில ஊத்தி வெளியில வைச்சா முப்பது கிராமுக்கு மேல உப்பு மிஞ்சும். ஆனையிறவு உப்பளத்தில நடக்கிறதும் இதுதான். ஒடியல்கூழ் காய்ச்சிற நாளில ஒடியலை, அதாவது அவிக்காமக் காயவைச்ச பனங்கிழங்கை, முழுசாவும் மாவாவும் காட்டுங்கோ. நவராத்திரிக்குக் கும்பத்தடியில போடுற நவதானியத்தில எது முதல் முளைக்கும் எண்டு முன்கூட்டியே கேட்டு வையுங்கோ.

கறிவேப்பிலை மரத்தில வண்ணத்துப்பூச்சியின்ர புழு இருக்கும், அதைக் கட்டாயம் வளத்துப் பாருங்கோ. சின்னனில குருவி எச்சம் மாதிரித்தான் தெரியும், அதால குருவியள் தின்னாது. பிறகு பச்சையாயிடும். மெல்லத் தொட்டா தலைக்குப் பின்னால சிவப்பா ரெண்டு கொம்பு நீட்டி ஒரு மணம் விடும். போத்தல் வாயில நுளம்புவலைத் துணி கட்டி, நாளுக்கு நாள் புது இலை போட்டா, ஏறக்குறைய ஒரு மாசத்தில பூச்சி வெளிக்கிடும். முருங்கையில வாற மயிர்க்கொட்டியை மட்டும் தொடவேண்டாம் எண்டு முதல்நாளே சொல்லிப்போடுங்கோ.

மழை தொடங்க தம்பளப்பூச்சி வரும், தவளை கத்தும். நேரான போத்தலொண்டைத் தலையை வெட்டி வெளியில வைச்சு, விடிய எவ்வளவு தண்ணியோ அவ்வளவு நீளத்துக்கு நீலக் கடதாசி வெட்டி, நாள் வரிசையாச் சுவரில ஒட்டுங்கோ. எண் தெரியாத பிள்ளையும் எந்த நாள் பெருமழை எண்டு சொல்லும். தேங்கின தண்ணியில நுளம்புக் குடம்பியையும் காட்டுங்கோ. பாத்து முடிய உடன வெய்யில் மண்ணில ஊத்தவேணும். டெங்குக் காலம், ஒரு கிழமைக்குள்ள குடம்பி நுளம்பாயிடும்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. எண்ணப் பழக்கிறதுக்குக் குன்றிமணி வைச்சிருந்தா இண்டைக்கே எறியுங்கோ. சப்பினா உயிருக்கே ஆபத்தான நஞ்சு. அலரிக்காயும் அப்பிடித்தான். மூண்டு வயசுக்காரருக்குப் பயறு, கடலையும் தனிய விடாதேங்கோ, மூக்குக்குள்ள போகும். அவைக்குப் பனங்கொட்டை, சிரட்டை.

சுன்னாகம் சேர்:

ரீச்சர் சொன்ன தடிப் பாடத்துக்கு ஒரு சின்னச் சேர்க்கை. யாழ்ப்பாணத்தில வருசத்தில ரெண்டு முறை சூரியன் நேரா உச்சிக்கு வரும். ஏப்ரல் 15 அளவிலயும் ஓகஸ்ட் 28 அளவிலயும், மதியம் 12.10 மணியளவில. அந்த நேரம் நேராக் குத்தின தடிக்கு நிழலே இராது. முதலாவது சித்திரை வருசப்பிறப்போட வாறதால, வீட்டில தாய் தகப்பனோட செய்யச் சொல்லி விடலாம். ஒருநாள் ரெண்டுநாள் முன்னப்பின்ன ஆனாலும் பிள்ளையளின்ர கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தடி நேரா நிக்கிறதுதான் முக்கியம். நூலில கல்லுக் கட்டித் தூக்கிப் பிடிச்சு, நாலு பக்கமும் சரிபாருங்கோ.

அளவு வேணுமெண்டா: ஒரு மீற்றர்த் தடிக்கு மார்கழிக் கடைசியில மதியநிழல் வடக்குப் பக்கம் 65 சென்ரிமீற்றர் வரும். ஜூன் 21 அளவில தெற்குப் பக்கம் 25 சென்ரிமீற்றர். பதினொராம் ஆண்டு மாணவர்களே நிழல் எப்பவும் வடக்குப் பக்கம்தான் விழும் எண்டு எழுதுகினம். நாலு வயசில ஒருக்காக் கண்டிருந்தா அப்பிடி எழுதமாட்டினம். சூரியனை நேராப் பாக்கவேண்டாம் எண்டு மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கோ.

வடமராட்சி ரீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. எங்கட வளவில வேம்பு நிக்குது, கிணத்துக்கு இரும்புவலை மூடியும் இருக்கு. ரெண்டு கேள்வி, ரீச்சர். மூண்டு வயசையும் அஞ்சு வயசையும் ஒண்டா வைச்சு எப்பிடிச் சமாளிக்கிறது? கொப்பி கேக்கிற தாய்மாருக்கு என்ன சொல்லுறது?

நீர்வேலி ரீச்சர்:

பிரிக்காதேங்கோ பிள்ளை. ஒரே தட்டுத்தான். சின்னவை ஊத்தட்டும், கிண்டட்டும், தொடட்டும். பெரியவை என்ன நடக்கும் எண்டு முதல் சொல்லி, பிறகு படம் கீறட்டும். கால் மணித்தியாலம் காணும். கிழமையில ரெண்டு நாள் செய்தா, விழாக்களுக்கு நாள் போனாலும் திட்டம் குழம்பாது.

தாய்மாருக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை. வாசலுக்குக் கிட்ட ஒரு பெரிய கடதாசி ஒட்டி, பிள்ளை சொன்னதை அதே சொல்லில, பேர் போட்டு எழுதுங்கோ. "கல்லுக்குள்ள சோடா இருக்கு" எண்டு மகளின்ர பேரில கிடந்தா எந்தத் தாயும் நிண்டு வாசிச்சிட்டுத்தான் போவா. வீட்டில போய் அதைப் பற்றிக் கதைப்பா. எங்கட முன்பள்ளியில அதுக்குப் பிறகு கொப்பிக் கதை குறைஞ்சது.

பனையைப் பற்றி எழுத மறந்திட்டன், அது உங்கட திட்டத்தில கட்டாயம் இருக்கவேணும். ஆவணி, புரட்டாதியில பனங்கொட்டையைப் பாத்தியில அடுக்குங்கோ. மாசத்துக்கு ஒண்டாக் கிண்டி எடுத்துப் பாக்கலாம். மற்ற விதையளில தளிர் மேல வர, இதில கொட்டையில இருந்து ஒரு குழல் கீழ இறங்கி, அதின்ர நுனியிலதான் கிழங்கு வைக்கும். கொட்டையை வெட்டி, உள்ளுக்க இருக்கிற வெள்ளைப் பருப்பை, பூரான் எண்டு சொல்லுறதை, தின்னக் குடுக்கலாம். கிழங்கு முத்த தையாகும், அதுக்குள்ள அந்தப் பிள்ளையள் முதலாம் வகுப்புக்குப் போயிடுங்கள். அவை விதைச்சதைப் புதுசா வாற பிள்ளையள் கிண்டட்டும். உங்கட அடுத்த வருசத்துக்கு முதல் பாடமும் அதுதான்.

இந்தத் தைக்கு உங்களிட்டப் பாத்தி இல்லைத்தானே. எங்கட வளவில போட்டது இருக்கு. விடுமுறை முடிய ஒரு சனிக்கிழமை வாங்கோ, கொட்டையும் குழலும் கிழங்கும் அறாமக் கிண்டித் தாறன். சாக்கு ஒண்டு கொண்டுவாங்கோ.