அண்டார்டிகா கடலில் வெப்பநிலை குதிக்கிறது: எந்த அலைவரிசையை எடுப்பது?

பினாங்கு மாணவி:
வணக்கம். முதுகலை ஆய்வுக்காகத் தென்முனைக் கடலின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிடுகிறேன். தரவு ஜப்பானின் ஷிசுக்கு செயற்கைக்கோளில் உள்ள, கடலிலிருந்து வரும் நுண்ணலையை அளக்கும் ஆம்சர்-2 கருவியுடையது. தென்சீனக் கடலுக்கு எழுதிய அதே நிரல்தான், அதே 10.65 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். அங்கே நன்றாக வந்தது. இங்கோ அடுத்தடுத்த பிக்சல்கள் 1 டிகிரி, 5 டிகிரி என்று குதிக்கின்றன. பனி விளிம்பை ஒட்டி 12 டிகிரிகூட வருகிறது! இரண்டு நாளாக நிரலில் பிழை தேடிக் களைத்துவிட்டேன். 89 கிகாஹெர்ட்ஸில் படம் கூர்மையாக இருக்கிறதே, அதற்கு மாறலாமா?

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்:
நிரலில் பிழை இருக்காது, தங்கச்சி. நீர் சூடானால் அதன் உமிழ்திறனும், அதாவது நுண்ணலையை வெளிவிடும் திறனும், சேர்ந்தே மாறும். 10.65-இல், சுமார் 12 டிகிரிக்குக் கீழே, ஒன்றின் ஏற்றத்தை மற்றது விழுங்கிவிடுகிறது. நீர் 2 டிகிரி ஏறினாலும் கருவிக்கு அது தெரிவதே அரிது. தென்சீனக் கடல் 28, 29 டிகிரி என்பதால் அங்கே தப்பித்தீர்கள். 6.9-க்கு மாற்றிப் பாருங்கள், குளிர்ந்த நீரையும் அது உணரும். வெப்பநிலைக்கு 89 வேண்டவே வேண்டாம், மேகமும் நீராவியும் கெடுத்துவிடும்.

ஆனால் 6.9-இல் ஒரு புள்ளி 35-க்கு 62 கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

பினாங்கு மாணவி:
மாற்றினேன் அண்ணா, குதிப்பு நின்றுவிட்டது! விளிம்பில் மட்டும் இன்னும் சூடு.

கிள்ளான் அக்கா:
அது பனியின் வேலைம்மா. நீரின் உமிழ்திறன் ஏறக்குறைய 0.5, கடல்பனிக்கு 0.9. அந்தப் பெரிய புள்ளியின் ஓரத்தில் கொஞ்சம் பனி நுழைந்தாலே நீர் கொதிப்பதுபோல் தெரியும். நீங்கள் ஆசைப்பட்ட 89 இங்கேதான் உதவும்: 3-க்கு 5 கிலோமீட்டர் என்பதால் விளிம்பைத் துல்லியமாக வரையலாம். மேகம் பனிபோல் ஏமாற்றும் இடங்களை 18.7, 36.5 இரண்டையும் வைத்து நீக்குங்கள். அப்புறம் விளிம்பிலிருந்து 100 கிலோமீட்டர் வரை வெட்டிவிடுங்கள்.

பினாங்கு மாணவி:
வெட்டினேன் அக்கா, சூட்டுப் பட்டை போய்விட்டது. ஆனால் எனக்கு வேண்டிய இடமே அந்த 100 கிலோமீட்டர்தானே?

கிள்ளான் அக்கா:
ஆண்டெனா பெரிதானால்தான் புள்ளி சிறிதாகும். ஆம்சர்-2 ஆண்டெனா 2 மீட்டர், அதற்கு மேல் அதனால் முடியாது. ஐரோப்பா திட்டமிட்டிருக்கும் சிமர் கருவிக்கு ஆண்டெனா 7 மீட்டருக்கு மேல், 6.9-இல் ஒரு புள்ளி சுமார் 15 கிலோமீட்டர் வரும். இப்போதைக்கு ஆய்வின் எல்லையை அந்த 100 கிலோமீட்டருக்கு வெளியே வைத்து, காரணத்தை ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள்.