பார்க்க உருப்படியாக ஒன்றுமில்லை, பழைய டிவியை மாற்றணுமா?

சாட்ஸ்வொர்த்_பையன்:
வீட்டில் 74 சென்டிமீட்டர் டியூப் டிவி. வலது மூலையில் ஊதாத் திட்டு விழுந்திருக்கு. சீரியல் மாமியார் முகம் பாதி கத்தரிக்காய் நிறம். அம்மா 55 இஞ்ச் 4கே கேட்கிறாங்க. எனக்கு மனசு வரலை. டிகோடரில் (டிஷ்ஷிலிருந்து சேனல் எடுத்துத் தரும் பெட்டி) அவங்க பார்ப்பது தமிழ் சீரியல். கன்னத்தில் விழுற ஒரு அறையை மூணு தடவை மூணு கோணத்தில் காட்டுறான். அதைப் பெரிசாகப் பார்க்க இத்தனை ராண்டா? நம்ம தென்னாப்பிரிக்காவில் அனலாக், அதாவது பழைய முறை ஒளிபரப்பு, நின்றால் இந்த டிவி செத்துடும்னும் பயமுறுத்துறாங்க.

மெரிபேங்க்_சால்டரிங்:
தம்பி, பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் முதலில் தள்ளுங்க. டியூபுக்குள் இருக்கும் மெல்லிய தகட்டில் காந்தம் ஏறினால் நிறம் இப்படித்தான் கெடும். அதை எடுக்கவே டியூபைச் சுற்றி ஒரு காயில் உண்டு. பெரும்பாலான செட்டில் மெயின் சுவிட்சைப் போடும்போதுதான் அது வேலை செய்யும். ரிமோட்டில் மட்டும் அணைத்துப் போட்டால் சும்மா கிடக்கும். பிளக்கில் அணைத்து, அரை மணி ஆறவிட்டுப் போடுங்க. 'டொம்'னு சத்தம் கேட்கணும். கேட்கலைன்னா அந்தக் காயிலுக்குக் கரண்ட் விடும் பாசிஸ்டர் போயிருக்கலாம், சல்லிசான பாகம்தான். நீங்க மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கின பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும், ஆளைத் தூக்கி அடிக்கும்.

பீனிக்ஸ்_அக்கா:
அனலாக் பயம் உங்களுக்கு வேண்டாம். அது கூரை ஏரியலில் பார்க்கிறவங்க கவலை. உங்களுக்கு டிஷ், டிகோடர் வழியா வருது. 2025 மார்ச் 31-ல் நிறுத்துறதா இருந்ததுக்கும் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தடை போட்டுச்சு.

சாட்ஸ்வொர்த்_பையன்:
ஸ்பீக்கரைத் தள்ளிட்டு மெயினில் போட்டேன், 'டொம்' கேட்டது, திட்டு போச்சு! நன்றி அண்ணா. ஆனா அம்மா விடலை. கீழே ஓடுற எழுத்து தெரியலையாம்.

டோங்காட்_பெரியவர்:
1976 வரை இந்த நாட்டில் டிவியே கிடையாது. வந்தபோதும் ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும்தான். தமிழ் சீரியல் மட்டம்னு சலிச்சுக்கிற அளவுக்கு வந்துட்டோம், சந்தோஷம். சீரியல் எப்படி இருந்தா உனக்கென்ன? பார்க்கிறது அம்மா. வாங்கிக் கொடு.

மெரிபேங்க்_சால்டரிங்:
வாங்கலாம், ஆனா 55 வேண்டாம். எஸ்டி, அதாவது சாதாரணத் தர, சேனல் படம் 720க்கு 576 புள்ளி. 4கே திரையில் அதைப் போல 20 மடங்கு புள்ளி இருக்கு. இல்லாத 19-ஐ டிவி ஊகிச்சு நிரப்பணும்; கிட்ட உட்கார்ந்தால் முகமெல்லாம் மெழுகு. லவுஞ்ச் சின்னதுன்னா 43 தாராளம், எழுத்தும் தெரியும். ஷார்ப்னஸை நல்லாக் குறைங்க, அசைவை வழவழன்னு ஆக்கும் 'மோஷன்' வசதியை அணைங்க. படம் அகலமா இழுபட்டால் பழைய டிவி வடிவமான 4:3-க்கு மாத்துங்க. பழைய டிவிக்குப் படம் கொண்டுவரும் மஞ்சள் கம்பியை அப்படியே புது டிவியில் சொருகாதீங்க, டிகோடரில் எச்டிஎம்ஐ (டிஜிட்டலாப் படம் அனுப்பும் இணைப்பு) இருந்தால் அதுதான்.

பீனிக்ஸ்_அக்கா:
கடைக்குப் போறப்ப டிவி லைசென்ஸ் விவரம் கொண்டுபோங்க, அது இல்லாம புது டிவி விற்க மாட்டாங்க. வருஷத்துக்கு 265 ராண்ட். பாக்கி இருந்தா முதல்ல அதைக் கட்டுங்க.