சிடிடிபி போட்டால் இணைப்பு அறுபடாதாம்!

நள்ளிரவு அட்மின்:
சாம்பா (லினக்ஸ் சர்வரின் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள்) பற்றிப் பக்கத்து இழையில் கொத்துக்காரர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "சாம்பாவைச் சிடிடிபியோடு ஓட்டினால் ஒவ்வொரு பதிவும் எல்லாக் கணுக்களிலும் நகலாக இருக்கும். ஒரு சர்வர் விழுந்தாலும் திறந்திருக்கும் கோப்பின் இணைப்பு அறுபடாது." கணு என்று அவர் சொல்வது கூட்டாக ஓடும் சர்வர்களில் ஒன்றை. இரண்டு வாக்கியம், இரண்டும் தப்பு. எந்தக் கோப்பை யார் திறந்திருக்கிறார், யார் பூட்டியிருக்கிறார் என்பதைச் சாம்பா டிடிபி என்ற குட்டித் தரவுத்தளங்களில் எழுதி வைக்கும். பல சர்வர்கள் ஒரே கோப்பு முறைமையைப் பகிரும்போது அந்தக் கணக்கை எல்லாருக்கும் பொதுவாக்குவது சிடிடிபி. அவ்வளவுதான் அதன் வேலை. அறுபடாது என்று எங்கே படித்தீர்கள் சார்?

கொத்துக்காரர்:
படிக்கவில்லை, பார்த்தேன். ஆறு வருடமாக மூன்று சர்வர் ஓட்டுகிறேன். ஒன்றின் பவர் கேபிளைப் பிடுங்கிக் காட்டியிருக்கிறேன். கணக்குப் பிரிவில் எக்செல் திறந்தபடியே இருந்தது. ஒருவரும் போன் பண்ணவில்லை. அறுபடவில்லை.

நள்ளிரவு அட்மின்:
எக்செல் திரையில் தெரிந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறதா? கோப்பு அவர் கணினியின் நினைவகத்தில் இருக்கிறது, நீங்கள் கேபிளைப் பிடுங்கியது அதற்குத் தெரியவே தெரியாது. நடந்தது இதுதான். விழுந்த சர்வரின் ஐபி இன்னொரு சர்வருக்குப் போகிறது. புது சர்வர், அந்த ஐபி இனி என்னிடம் என்று வலைக்கு ஏஆர்பி அறிவிப்பு அனுப்புகிறது. அப்புறம் கிளையண்டுக்கு, அதாவது பயனரின் கணினிக்கு, வேண்டுமென்றே தப்பான வரிசை எண் போட்டு, ஒரு டிசிபி ஏசிகே (பெற்றுக்கொண்டேன் என்னும் பொட்டலம்) அனுப்புகிறது. இதற்கு டிக்கிள் என்று பெயர், கிச்சுகிச்சு மூட்டுவது. கிளையண்ட் குழம்பிப்போய்ச் சரியான எண்ணோடு பதில் போடும். புது சர்வரிடம் அப்படி ஓர் இணைப்பே கிடையாது, உடனே ஆர்எஸ்டி, அதாவது இணைப்பை முறி என்ற பதில். கிளையண்ட் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இணைகிறது. டிக்கிள் இல்லாவிட்டால் டிசிபி காலாவதி ஆகும்வரை நிமிடக்கணக்கில் தொங்க வேண்டியதுதான். ஆக, இணைப்பை அறுப்பதே சிடிடிபிதான் சார்! சீக்கிரம் அறுக்கிறது, அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

கொத்துக்காரர்:
பயனர் கண்ணுக்குப் படாத அறுபடல் ஓர் அறுபடலா? நான் சொன்னது பயனர் கோணத்தில். உங்களுக்கு எப்போதும் வார்த்தையில் தொங்குவதே வேலை. சாம்பா 4.0 வந்த 2012லிருந்தே டியூரபிள் ஹேண்டில் இருக்கிறது, மறுபடி இணைந்தால் திறந்த கோப்பு திரும்பக் கிடைக்கும். அதையும் மறைத்துவிட்டீர்கள்.

பொட்டிதட்டி:
அண்ணே, ஒரு சந்தேகம். பெர்சிஸ்டன்ட், அதாவது நிலையாக வைக்கும் தரவுத்தளங்கள் எல்லா சர்வரிலும் முழு நகலாக இருக்குமே? டொமைன் கடவுச்சொல் வைத்திருக்கும் சீக்ரெட்ஸ் அந்த வகைதானே? அப்படியானால் முதல் வாக்கியம் பாதி சரி இல்லையா?

நள்ளிரவு அட்மின்:
தம்பி, நீயாவது படித்துவிட்டு வந்தாய். அந்த வகைக்கு முழு நகல் உண்டு. ஆனால் கொத்துக்காரர் பேசுவது திறந்த கோப்பைப் பற்றி. அது வாலடைல், அதாவது தற்காலிக வகை. அதில் ஒரு பதிவின் ஆகப் புதிய பிரதி எந்த நேரத்திலும் ஒரே ஒரு சர்வரிடம்தான் இருக்கும். வேறு சர்வருக்குத் தேவைப்பட்டால் பதிவு அங்கே இடம்பெயரும், பெயரும்போது அதன் வரிசை எண் ஏறும். பழைய சர்வரில் பழைய பிரதி கிடக்கும். புதியதை வைத்திருந்த சர்வர் செத்தால் அந்தப் பிரதியும் சேர்ந்து போச்சு. மீட்பு நடக்கும்போது, மிஞ்சியவற்றில் வரிசை எண் பெரியது எதுவோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

போனால் என்ன என்றுதான் வடிவமைத்தார்கள். கவனி: உயிரோடு இருப்பவர்களில் கடைசியாகப் பதிவைத் தொட்டவரின் பிரதியில், உயிரோடு இருக்கும் எல்லாருடைய குறிப்பும் இருக்கும். அதற்குப் பிறகு எழுதியவர் செத்த சர்வர் மட்டுமே. அவர் கிளையண்டுகளின் இணைப்பும் போய்விட்டது, அந்தக் குறிப்பு யாருக்கு வேண்டும்? ஒவ்வொரு பூட்டையும் எல்லா சர்வரிலும் நகலெடுத்தால் வேகம் செத்துவிடும். பதிவைத் தொலைக்கத் துணிந்ததால்தான் இது ஓடுகிறது. சாம்பாவை 1992ல் ஆரம்பித்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லின் மூளை. கொத்துக்காரர் அந்த மூளையைத்தான் "எல்லாவற்றிலும் நகல்" என்று மழுங்கடிக்கிறார்.

டியூரபிள் ஹேண்டில் பதிவும் அதே வாலடைல் வகைதான். சர்வர் செத்தால் அதுவும் போச்சு.

ஜன்னலோரம்:
இந்தச் சண்டையெல்லாம் எதற்கு? விண்டோஸ் சர்வர் 2012லேயே பெர்சிஸ்டன்ட் ஹேண்டில் (சர்வர் விழுந்தாலும் திறந்த கோப்பின் நிலையைக் காப்பது), விட்னஸ் (சர்வர் விழுந்ததைக் கிளையண்டுக்குச் சொல்வது) எல்லாம் வந்துவிட்டது. ஹைப்பர்-வி மெய்நிகர் கணினியின் டிஸ்க்கையே ஷேரில் வைத்து ஓட்டலாம். நிஜமாகவே அறுபடாது. சாம்பாவுக்கு விட்னஸ் வந்தது 4.20ல், அதாவது 2024ல். பன்னிரண்டு வருடம்!

கொத்துக்காரர்:
வாங்க ஜன்னலோரம், இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன். லைசன்ஸ் பில்லையும் சேர்த்துப் போடுங்கள். தாமதமோ இல்லையோ, விட்னஸ் வந்துவிட்டது, கிளையண்டுக்கு முன்கூட்டியே தகவல் போகும், அறுபடாது.

நள்ளிரவு அட்மின்:
மறுபடி "அறுபடாது"! விட்னஸ் என்ன செய்யும்? "அந்த சர்வர் போய்விட்டது, இங்கே வா" என்று சொல்லும். அறுந்ததைச் சீக்கிரம் சொல்லும் ஆள் அது. இன்னொன்று. சாம்பாவில் டியூரபிள் ஹேண்டில் கிடைக்க கெர்னல் ஆப்லாக்ஸ், கெர்னல் ஷேர் மோட்ஸ், பாசிக்ஸ் லாக்கிங் மூன்றையும் அணைக்க வேண்டும். சாம்பாவின் பூட்டுகளை சர்வரின் மற்ற நிரல்களுக்கும் தெரியப்படுத்தும் அமைப்புகள் அவை. நீங்கள் அதே கோப்புகளை என்எஃப்எஸ்ஸிலும் (லினக்ஸ் கணினிகளுக்கான கோப்புப் பகிர்வு) கொடுப்பதாகப் போன மாதம் பெருமையாக எழுதினீர்கள். மூன்றையும் அணைத்துவிட்டு அதைக் கொடுக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் பயனர்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

சொல்லேருழவர்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். "கணு" என்று ஒருவர், "சர்வர்" என்று இன்னொருவர். கணு கரும்பில் இருப்பது. "முனை" என்றால் என்ன குறைந்துவிடும்?

பொட்டிதட்டி:
முனை பென்சிலில் இருப்பது ஐயா.

சொல்லேருழவர்:
நகைச்சுவைக்கு நன்றி. தமிழில் எழுதத் தெரியாதவர்கள் தரவுத்தளம் பற்றி எழுதினால் இப்படித்தான் இழையே அறுபடும்.

கொத்துக்காரர்:
என் இடத்தில் என்எஃப்எஸ் தனி ஷேர். போன முறை மீட்புப் பூட்டு விஷயத்திலும் இப்படித்தான் தெரியாமலே தாக்கினீர்கள். மூன்று சர்வர் இருந்தால் பெரும்பான்மை தானாக வரும், பூட்டுக் கோப்பு எதற்கு என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

நள்ளிரவு அட்மின்:
பதில் சொன்னேன், உங்களுக்குப் பிடிக்கவில்லை. சிடிடிபி தலைகளை எண்ணாது. சர்வர்களுக்கு இடையே வலை பிளந்தால் இரண்டு பக்கமும் தாங்கள்தான் கிளஸ்டர் என்று கிளம்பும். பொதுவான கோப்பு முறைமையில் ஒரே ஒரு பூட்டு இருந்தால், அதைப் பிடித்த பக்கம் மட்டும் பிழைக்கும். பூட்டில்லாமல் ஓட்டிய ஓர் அலுவலகத்தில் ஒரே ஐபி இரண்டு சர்வரில் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை, பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். முதலில் அந்தக் கோப்பு முறைமை சர்வர்களுக்கு இடையே பூட்டை மதிக்கிறதா என்று பிங்பாங் என்ற சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது சர்வரில் ஆரம்பித்ததும் நொடிக்கு எத்தனை பூட்டு என்ற எண் சரசரவென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மதிக்கவில்லை.

கொத்துக்காரர்:
ஓட்டியாயிற்று, இறங்கியது. எண்களை நேரம் கிடைக்கும்போது போடுகிறேன். ஆனால் பயனர் கோணத்தில் அறுபடவில்லை என்பதில் மாற்றமில்லை.

நள்ளிரவு அட்மின்:
அந்த எண்களைப் போன தீபாவளிக்கே போடுவதாகச் சொன்னீர்கள். கேபிளைப் பிடுங்குவதற்கு முன்னால், ஷேரில் ஒரு 20 ஜிபி கோப்பை நகலெடுக்க விட்டுவிட்டுப் பிடுங்குங்கள். எக்செல் வேண்டாம்.

ஜன்னலோரம்:
எங்களிடம் அதுவும் ஓடும்.

பொட்டிதட்டி:
அண்ணே, இரண்டே சர்வர் இருந்தால் பூட்டுக் கோப்பை எங்கே வைப்பது?

சொல்லேருழவர்:
"இரண்டே முனை இருந்தால்" என்று எழுதிப் பழகுங்கள் தம்பி.