டி செல் பொறியியலில் மேலாய்வு: புற்றுநோயா, தன்னுடல் தாக்கு நோயா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் ஓயாத தூண்டலால் செயல்திறன் இழக்கும் சோர்வு நிலை குறித்த என் முனைவர் பட்ட ஆய்வு முடியும் தறுவாயில் உள்ளது. பட்டத்துக்குப் பிந்தைய மேலாய்வுக்கு இரண்டு ஆய்வகங்கள் அழைத்துள்ளன. ஒன்று திடக்கட்டிகளுக்கான கார் டி செல்களை, அதாவது இலக்கை அடையாளம் காணும் செயற்கை ஏற்பி பொருத்திய டி செல்களை, வடிவமைக்கிறது. மற்றொன்று அதே தொழில்நுட்பத்தை லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்களுக்குக் கொண்டு செல்கிறது. இரண்டாவதற்கு மாறினால் இதுவரை கற்றது வீணாகிவிடுமோ என்று தயங்குகிறேன். எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

மறுமொழி 1

வீணாகாது. ஏற்பியை வடிவமைப்பது, வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்துவது, செல்களை வளர்த்துப் பெருக்குவது ஆகியவை இரண்டிற்கும் பொதுவானவை. மாறுவது, அந்தச் செல்லிடம் நாம் எதிர்பார்ப்பதுதான். 2017-இல் அமெரிக்காவில் முதல் கார் டி சிகிச்சை ஒப்புதல் பெற்ற காலந்தொட்டே, ரத்தப் புற்றுநோயில் இச்செல்கள் உடலில் எவ்வளவு காலம் நிலைத்திருக்கும் என்பது பெருங்கவலையாக இருந்துவருகிறது. லூபஸில் நிலைமை வேறு. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் கியோர்க் ஷெட் குழுவினர் ஆன்டிபாடி உருவாக்கும் பி செல்களின் மேலுள்ள சிடி19 என்ற புரதத்தைக் குறிவைக்கும் கார் டி செல்களைச் செலுத்திய ஐந்து லூபஸ் நோயாளிகளின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. சில மாதங்களில் புதிய பி செல்கள் தோன்றிய பிறகும், கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு நோய் திரும்பவில்லை. பழைய பி செல்களை முழுமையாக அகற்றிவிட்டுக் கார் டி செல் விலகிக்கொண்டாலே போதும் என்ற எண்ணம் வலுப்பெற்றது இதனால்தான்.

பாதுகாப்புக்கான அளவுகோலும் இங்கே கடுமையானது. கார் டி சிகிச்சைக்குப் பின் டி செல் புற்றுநோய் உண்டாகும் அபாயம் குறித்து எச்சரிக்கை சேர்க்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஜனவரியில் கேட்டுக்கொண்டது. வேறு வழியில்லாத புற்றுநோயாளி ஏற்கும் அபாயத்தை, இன்னும் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய இளம் லூபஸ் நோயாளியிடம் அப்படியே முன்வைக்க முடியாது.

மறுமொழி 2

நோயின் பெயரைவிட, அந்த ஆய்வகம் எதை எப்படி அளக்கிறது என்பதைக் கேளுங்கள். டி செல்லின் செயலைத் தடுக்கும் பிடி-1 என்ற புரதம் உயர்ந்திருப்பதை மட்டும் காட்டிச் சோர்வு என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போதுதான் தூண்டப்பட்ட செல்லிலும் பிடி-1 உயரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே செல்களைச் சில நாட்களுக்கு ஒருமுறை புதிய கட்டிச் செல்களோடு சேர்த்து, கொல்லும் திறன் எந்தச் சுற்றில் சரிகிறது என்று பார்க்கும் சோதனையை ஒன்றுக்கு மேற்பட்ட கொடையாளர்களின் செல்களில் செய்கிறார்களா? ஒருவரின் செல்களில் அழகாக வந்த முடிவு அடுத்தவரிடம் காணாமற்போவது இத்துறையில் சகஜம்.

எலி மாதிரியையும் விசாரியுங்கள். நோயெதிர்ப்பாற்றல் இல்லாத எலியில் மனிதக் கட்டியை வளர்த்து மனித டி செல்களைச் செலுத்துவது புற்றுநோய் ஆய்வில் வழக்கம். லூபஸுக்கு அது பொருந்தாது, நோயை உண்டாக்கும் பி செல்களே அந்த எலியிடம் இல்லையே. எனவே தானாகவே லூபஸ் வரும் எலியினத்தில், எலியின் டி செல்களையே மாற்றியமைத்துச் சோதிக்கிறார்கள். 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று அவ்வகை எலிகளில் நல்ல பலனைக் காட்டியது. எலி டி செல்களை வளர்ப்பது தனிப் பயிற்சி. அங்கே அதைக் கற்றுத்தர ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

மறுமொழி 3

முதல் மறுமொழியோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். தன்னுடல் தாக்கு நோய் என்றாலே செல் சீக்கிரம் விலக வேண்டும் என்பதில்லை. 2025 நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பான, நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கு ஏற்பி பொருத்தும் ஆய்வகங்களும் உள்ளன. அந்தச் செல்கள் திசுவில் நீண்டகாலம் தங்கி, தம் அடக்கும் இயல்பைத் தீர்மானிக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் வெளிப்பாட்டை இழக்காமல் இருக்க வேண்டும். இழந்தால், காக்க வேண்டிய திசுவையே தாக்கும் செல்லாக மாறிவிடக்கூடும். ஓயாத சமிக்ஞை ஒரு டி செல்லை என்ன செய்யும் என்று ஆராய்ந்து பழகிய உங்களைப் போன்றவர்கள் அங்கே மிகவும் தேவைப்படுகிறார்கள். இரண்டாவது ஆய்வகத்தின் திட்டம் பி செல்களை அழிப்பதா, இவ்வகைச் செல்களை உருவாக்குவதா என்று முதலில் கேட்டறியுங்கள்.