புதுப்பிப்பு: மட்டக்களப்பு கப்பல் டைவ் நல்லபடியாக முடிந்தது

ஈரோட்டிலிருந்து நாங்கள் சிலர் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகிறோம், எப்படித் திட்டமிடுவது என்று கேட்டிருந்தேன் அல்லவா? போய்வந்துவிட்டோம். யோசனை சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க.

முதலில் ஆசைப்பட்டது ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலுக்கு. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40. அதனால் சுமார் 25 மீட்டரில் இருக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பலுக்குப் போனோம். இரண்டையும் 1942 ஏப்ரல் 9 அன்று மூழ்கடித்தவை ஜப்பானிய விமானங்கள்தான்.

அந்த ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட மூன்றரை மடங்கு. சிலிண்டரும் அதே கணக்கில் காலியாகும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மிச்சம் அவசரத்துக்கு என்று படகிலேயே பேசி முடித்துவிட்டோம். கீழே கூட்டாளி காற்றுமானியைத் தட்டிக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் திரும்பினேன். ஏறும்போது, உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறட்டும் என்று 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றோம்.

கப்பலுக்குள் நுழையவில்லை. அதற்குத் தனிப் பயிற்சியும் வழிக்கயிறும் வேண்டும். கிழிந்த இரும்புத் தகட்டின் ஓரமாக டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்னால் போனவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு லேசாக உரசியதற்கே துருவும் சேறும் கிளம்பி, திறப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனது.

அப்புறம், புதுச்சேரியில் டைவ் முடித்து அன்றிரவே ஊட்டிக்குக் காரில் ஏறலாமா என்று கோபி அக்கா கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க்கா. உயரே போனால் காற்றழுத்தம் குறைந்து, மிச்சமிருக்கும் நைட்ரஜன் உடலுக்குள் குமிழியாகலாம். பல டைவ் செய்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். 2,200 மீட்டர் உயர ஊட்டிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.