புதுப்பிப்பு: தங்கையின் அல்ட்ராசவுண்ட் படிப்பு

தங்கை அல்ட்ராசவுண்ட் எடுக்கும் வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள், எங்கே சேர்க்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம் என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். கட்டணத் தவணை அட்டவணை மட்டும் தயாராக இருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

இங்கே சிங்கப்பூரில் வழி கொஞ்சம் சுற்றுதான். எஸ்ஐடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) 4 ஆண்டு டயக்னாஸ்டிக் ரேடியோகிராஃபி, அதாவது நோயறியப் படமெடுக்கும் பட்டம். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எல்லாம் அதில் வரும். வேலைக்குப் போன பிறகு அல்ட்ராசவுண்டில் தேர்ச்சி பெறலாம். ஆஸ்திரேலியா என்றால் படிப்புக்கு ஏஎஸ்ஏஆர் (அங்கே அல்ட்ராசவுண்ட் எடுப்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். சரியான யோசனைதான், ஆனால் அம்மா விடவில்லை.

தெரிந்த அக்கா ஒருவர் இந்த வேலையில் இருக்கிறார். அவரிடம் பேசியதுதான் உண்மையில் உதவியது. தைராய்டுக்கு நேரான புரோப் (உடலில் வைத்துப் படமெடுக்கும் கைக்கருவி), வயிற்றுக்கு வளைந்தது. பார்க்க வேண்டிய ஆழம் கூடினால் ஒலியின் அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டும் என்று, ஒரு கோப்பிக் கரண்டியை புரோப் மாதிரி மேசையில் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். அழுத்திப் பிடித்தே தோள் போய்விட்டதாம். தங்கை அதைக் கேட்டும் அசரவில்லை. விண்ணப்பம் போட்டாயிற்று, நேர்முகத்துக்குக் காத்திருக்கிறோம்.