பாய்லருக்கு சர்டிபிகேட் கேக்கறாங்க, புரோகிராமருக்கு?

மாங்கூழ்:
காவேரிப்பட்டணம் பக்கம் நம்ம ஊர். அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில பாய்லர் ஆபரேட்டர், இரண்டாம் கிளாஸ் சர்டிபிகேட். அது இல்லாதவன் பாய்லர் பக்கம் போகக் கூடாது, 1923-லயே சட்டம் போட்டாச்சு. நான் இன்னொரு ஃபேக்டரி எடைமேடைக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். என்ன படிச்சேன்னுகூட யாரும் கேக்கல (பி.எஸ்ஸி. கணக்கு).

போன சீசன்ல பெங்களூரா மாங்காய் குவிஞ்ச நேரம். ஒரு டிராக்டருக்கு 420 கிலோ கம்மியா சீட்டு அடிச்சிடுச்சு. கிளார்க் அவசரத்துல பட்டனை ரெண்டு தடவை தட்டியிருக்கார். முன்னாடி போன லாரியோட காலி எடை அழியாம நின்னு, அதையே கழிச்சிருக்கு. தன் டிரெய்லர் காலி எடை அந்த விவசாயிக்கு மனப்பாடம், அதனால பிடிச்சார். ரெண்டு ராத்திரி பழைய சீட்டெல்லாம் புரட்டினேன். இன்னும் 11 சிக்குச்சு. பணம் கொடுத்தாச்சு, ஆனா தூக்கம் வரல.

அப்பா ஒண்ணுதான் கேட்டார்: "எடைமேடைக்கு முத்திரை போடறாங்க. உனக்கு யார்ரா போட்டா?" எங்கேயாச்சும் அப்படி லைசென்ஸ் இருக்கா?

ஓசூர்_ஷிஃப்ட்:
இருக்கு தம்பி. டெக்சாஸ்ல 1998-லயே கொண்டுவந்தாங்க. அமெரிக்காவுல அதுக்குன்னு தனிப் பரீட்சை 2013-ல ஆரம்பிச்சு 2019-ல நிறுத்திட்டாங்க, மொத்தம் எழுதினதே 81 பேர். பர்கூர் டவுன் பஸ்ல காலைல அதைவிடக் கூட்டம். கனடாவுல லைசென்ஸ் இல்லாம இன்ஜினியர்னு போட்டுக்க முடியாது. அங்க ஆல்பர்ட்டா மாகாணம் மட்டும் 2023-ல சாப்ட்வேர்காரங்களுக்கு விட்டுக்கொடுத்துச்சு.

தகடூரான்:
இங்க லைசென்ஸ் வந்தா கூடவே புரோக்கரும் வருவான். அதை விடுங்க. தெராக்-25னு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கற ஒரு மெஷின். 1985-லேர்ந்து 87 வரைக்கும் ஆறு பேருக்கு அளவுக்கு மேல கதிர் பாய்ஞ்சுது, சிலர் செத்தே போனாங்க. ஆபரேட்டர் வேகமா திருத்தினா ஸ்கிரீன்ல ஒண்ணு, மெஷின்ல ஒண்ணு. உங்க கிளார்க் கதையேதான். பழைய மாடல்ல அதைத் தடுக்க ஹார்டுவேர்ல தனிப் பூட்டு இருந்துச்சு, சாப்ட்வேரை நம்பி இதுல வைக்கல. உங்கப்பாகிட்ட சர்டிபிகேட் இருக்குன்னு பாய்லர்ல சேஃப்டி வால்வு வைக்காம விட்டாங்களா? உங்க புரோகிராம்ல அந்த வால்வு எங்க?

மாங்கூழ்:
சுருக்குன்னு இருக்கு அண்ணே. நேத்து வச்சிட்டேன். அதே வண்டி நம்பரோட பழைய காலி எடைக்கும் இப்போதையதுக்கும் 100 கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா சீட்டு அடிக்காது. (டிரைவர் வண்டியில உக்காந்திருந்தாலே 70 கிலோ, அதான் 100.) லோடு நிக்குதுன்னு கிளார்க் திட்டறார். அப்பாகிட்ட சொன்னேன். "சீசன்ல அதைக் கழட்டச் சொல்லுவாங்க, கழட்டிராத"ன்னார்.